பஞ்சு இருமல்

பிப்ரவரி 12

என் வீட்டுக்காரர் கருமாதி நேற்று முடிந்தது. உறவுக்காரர்கள் காலையில் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார்கள். பந்தல்காரர் வந்து நாற்காலிகளை எடுத்துக்கொண்டுபோனார். ஒன்று குறைகிறது என்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அதில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கொடுத்தேன்.

இந்த டைரி புது வருஷத்துக்கு நூல் கடையில் அவருக்குக் கொடுத்தது. வாங்கி வந்து டிவி மேல் வைத்தவர் ஒரு எழுத்து எழுதவில்லை. சும்மா கிடக்கிறதே என்று எடுத்தேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். தப்பு இருந்தால் இருக்கட்டும், படிக்கப்போவது யார்.

எல்லாரிடமும் நெஞ்சு வலி என்றுதான் சொல்லியிருக்கிறோம். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கொழுந்தனார் அதை முடிவு பண்ணிவிட்டார். "டிபின்னு தெரிஞ்சா எழவுக்கு ஒருத்தனும் வர மாட்டான் அண்ணி. தூக்கறதுக்கு ஆளு வேணுமில்ல" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஆளுக்குக் குறைச்சல் இல்லாமல்தான் போனார். முன்பக்கம் தோள் கொடுத்தது அடுத்த வீட்டு மாதேசன்.

பிப்ரவரி 15

காசநோய்ப் பிரிவிலிருந்து ஒரு மேடம் வந்தார். பெயர் மெகருன்னிசா. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. அதைக் கழற்றச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. பழக்கம் போல, கழற்றிப் பையில் போட்டார். வண்டியைக்கூட முக்கில் ரேஷன் கடைக்கு முன்னால்தான் நிறுத்தியிருந்தார்.

இவர் கூட ஒரே அறையில் படுத்தது யார் என்று கேட்டார். நான் மட்டும்தான். குழந்தைகள் உண்டா என்றார். இல்லை, அதுவும் நல்லதுக்குத்தான் என்றேன். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

வேலை செய்கிற இடத்தில் கூட இருந்தவர்கள் யார் என்று கேட்டார். தறிப்பட்டறையில் அவரவர் தறி அவரவருக்கு, யாரும் கூட இல்லை என்று சொன்னேன். அப்போது அடுத்த வீட்டில் மாதேசன் இருமிக்கொண்டிருந்தான். மேடம் சுவரைப் பார்த்தார்.

"தறிக்காரங்க. பஞ்சு இருமல்" என்றேன்.

சளி துப்பிக் கொடுக்க ஒரு டப்பா வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 17

சளி கொடுத்தேன். நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். வரும்போது ஒரு கிலோ தக்காளி வாங்கினேன்.

பிப்ரவரி 21

எனக்கு ஒன்றும் இல்லையாம். சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும் கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கலாம் என்று வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற மாத்திரை தந்தார்கள். நிறுத்தாமல் போட வேண்டுமாம். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரை என்று கோகிலாவிடம் சொல்லிவிட்டேன்.

கோகிலா என்பது மாதேசன் பெண்சாதி. எங்கள் லைன் வீட்டில் அவர்களுக்கும் எனக்கும் ஒரே சுவர். மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறது, பேர் தியாழினி. வாயில் நுழையாததால் நான் யாழி என்று கூப்பிடுவேன்.

பிப்ரவரி 24

பட்டறைக்குப் போனேன். இத்தனை வருஷமும் அங்கே குச்சியில் நூல் ஏற்றித் தார் சுற்றியவள்தான். அவர் தறியையே ஓட்டுகிறேன் என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். தறி ஓட்டத் தெரியுமா என்றார். இல்லாதவர் பேர் சொல்லி இரக்கம் கேட்காமல், போய் ஓட்டிக் காட்டினேன். பகல் ஷிப்ட் எனக்கு. ராத்திரி அதே தறி மாதேசனுக்கு. முன்பு அவரும் மாதேசனும் பகல், ராத்திரி என்று வாரம் மாற்றி வாரம் ஜோடியாக ஓட்டிய தறி அது.

தறியில் குறுக்கே ஓடுகிற மர நாடாவில் தார் மாற்றும்போது நூல் முனையை நாடாவின் கண்ணில் வாய்வைத்து உறிஞ்சித்தான் இழுப்போம். அதற்குக் கொக்கி உண்டு, யாரும் எடுப்பதில்லை. உறிஞ்சினால் நூலோடு பஞ்சும் கொஞ்சம் உள்ளே போகும். அதற்குப் பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் வாழைப்பழம். தின்றால் பஞ்சு வழுக்கிக்கொண்டு வயிற்றுக்கு இறங்கிவிடும் என்பார்கள். அவர் ஐப்பசியிலிருந்து தினம் தின்றார். இருமல் கூடக்கூடப் பழத்தையும் கூட்டினார்.

தறிக்குப் பின்னால் இன்றைக்குப் புதுத் தோல் கிடந்தது. மாதேசன் தின்றது.

மார்ச் 3

பட்டறைக்கு ஜன்னல் இருக்கிறது. அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். காற்று வந்தால் பஞ்சு பறந்து, தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவில் ஒட்டும், நூல் அறும். எத்தனையோ வருஷமாக இப்படித்தான், எனக்கு இப்போதுதான் மூச்சு முட்டுகிறது.

மார்ச் 5

ஷிப்ட் மாறும் நேரத்தில் மாதேசனைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் போய் ஒரு தடவை சளி காட்டிவிட்டு வா என்றேன். சட்டை தோளிலிருந்து தொங்குகிறது அவனுக்கு. சிரித்தான்.

"பஞ்சுங் அண்ணி. இருமாத தறிக்காரன எங்காச்சும் பாத்திருக்கீங்களா?"

"உனக்கு நாளாச்சு மாதேசு."

"அண்ணனுக்குந்தான் இதே இருமலு. அதுனாலயா போச்சு? நெஞ்சு வலிலதான போச்சு" என்றான்.

நான் தார்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேலை நிறைய இருந்தது.

மார்ச் 6

அவன் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9

ஞாயிறு, பட்டறை லீவு. கோகிலா வரச் சொன்னாள். உள்ளே போனால் இருட்டு. இருமலுக்குக் குளிர்காற்று ஆகாது என்று ஜன்னல் சந்தில் எல்லாம் பழந்துணி திணித்து வைத்திருக்கிறாள். அவனுக்குத் தட்டும் டம்ளரும் தனியாகக் கவிழ்த்திருந்தன. "சளி புடிச்சவருக்குத் தனியாத்தான வெக்கோணும், நான் சுத்தம் பாக்கறவ" என்றாள். யாழி அவன் நெஞ்சில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

என்னை அடுப்பு மூலைக்கு இழுத்துப்போய் மெதுவாகச் சொன்னாள். சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறதாம், வேர்த்துக் கொட்டுகிறதாம். பூசாரியிடம் கேட்டிருக்கிறாள். பாடையை முன்னால் தூக்கியவன் பயந்திருக்கிறான், போனவர் விடவில்லை என்று சொன்னாராம். வருகிற வெள்ளிக்கிழமை கயிறு கட்டப்போகிறார்களாம்.

"தப்பா எடுத்துக்காதீங்க்கா. ரண்டு பேரும் அவ்வளவு பிரியமா இருந்தாங்க. அண்ணன் கூப்புடறாரோன்னு இருக்குது" என்றாள்.

அவர் யாரையும் தொந்தரவு செய்கிறவர் இல்லை. ஒரு டீ வேண்டும் என்றால்கூட என் வேலை முடிகிற வரை காத்திருப்பார். செத்த பிறகு போய் இன்னொருத்தி புருஷனைக் கூப்பிடுவாரா.

"அவரு கூப்புடலை கோகிலா. அவருக்கு டிபி. அதுலதான் போனாரு. உன்ற ஊட்டுக்காரனுக்கும் அதுதான்னு நெனைக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

நான் குடித்து வைத்த டம்ளரைப் பார்த்தாள்.

மார்ச் 11

பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது.

காலையில் நான் போகும்போதே வாசலில் கும்பலாக நின்றார்கள். நான் கிட்டப் போகப்போக அவர்கள் நகர்ந்தார்கள். எங்கள் தறி நாடாக்களை எல்லாம் ரோட்டோரம் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். மரம் நன்றாக எரிந்தது. அதில் ஒரு நாடா அவர் கையாலேயே இழைத்து வைத்திருந்தது, பிடித்தால் வழவழவென்று இருக்கும்.

மேஸ்திரி அங்கமுத்து வேடிக்கை பேசுகிற ஆள். "இனி ஆளாளுக்கு அவங்கவங்க நாடாடா. பொண்டாட்டி மாதிரி, மாத்திக்கப்புடாது" என்றார். சிரித்தார்கள். எல்லாரும் பெயிண்ட்டில் அடையாளம் போட்டுக்கொண்டார்கள்.

எல்லாரையும்விடக் கத்தியது மாதேசன்தான். "தெரிஞ்சே என்னைய அதே நாடாவுல உறிய வுட்டீங்களே. நான் அண்ணன்னு தோள் குடுத்தனே" என்றான். சரி, அதனால்தான் சொல்கிறேன், இப்போதாவது போய்ச் சளி காட்டு என்றேன்.

"நாடாவத்தான் எரிச்சாச்சுல்ல. இனி என்ன இருக்குது" என்றான். எல்லாரும் அதையே சொன்னார்கள்.

பட்டறைக்காரர் என்னை நிறுத்தவில்லை. பின்கதவுக்குப் பக்கத்தில் மூலைத்தறி ஒன்று சும்மா கிடந்தது, அதை ஓட்டச் சொன்னார். ஜோடி கிடையாது. குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். பின்கதவு எப்போதும் திறந்தே இருக்கட்டும் என்றார். என் காற்று வெளியே போக வேண்டுமாம்.

மார்ச் 14

மெகர் மேடம் வந்தார். நாடாவை எரித்த கதையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். நாடாவிலோ தட்டிலோ டம்ளரிலோ இது வராதாம். இருமும்போது காற்றில் வருகிறதாம். அடைத்த இடத்தில் அந்தக் காற்று அப்படியே நிற்குமாம். அப்படியென்றால் மூலையில் என்னைத் தள்ளி வைத்ததில் நல்ல இடம் எனக்குத்தான் கிடைத்திருக்கிறது. அங்கே சைக்கிள் ஸ்டாண்டும் ஒரு முருங்கை மரமும் தெரியும்.

கூட வேலை செய்தவன் பேரை இப்போது சொன்னேன். மேடம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே ஆள் இருந்தும் திறக்கவில்லை. பட்டறைக்குப் போய், ஒரு நாள் எல்லாருக்கும் அங்கேயே படம் பிடித்துப் பார்க்கிறோம் என்று கேட்டாராம். டிபி வேன் வாசலில் நின்றால் தனக்குப் பாவு கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்கிறவன் வேலையை நிறுத்திவிடுவான் என்று பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

மார்ச் 19

மாத்திரை போட்டேன். கொஞ்சம் தலை சுற்றியது. மோர் குடித்தேன்.

மார்ச் 27

காலையில் ஷிப்ட் மாறப் போனபோது, பட்டறைக்குப் பின்னால் கழிப்பிடச் சுவரில் துப்பியிருந்தது. சிவப்பாக இருந்தது. வெற்றிலை போடுகிற ஆள் எங்கள் பட்டறையில் இல்லை. அங்கிருந்து மாதேசன்தான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் பாதையை மாற்றிக்கொண்டான்.

இவருக்கு இது கார்த்திகையில் வந்தது. தையில் முடிந்தது.

சாயங்காலம் கோகிலாவிடம் சொல்லப்போனேன். யாழியை உள்ளே போகச் சொல்லிவிட்டு, நிலையை மறித்துக்கொண்டு நின்றாள். கயிறு கட்டியாச்சு, இனிச் சரியாகும் என்றாள். அவள் கண்ணைப் பார்த்தால் அவளுக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு எதையும் கேட்க அவளால் முடியவில்லை. நானும் அப்படித்தானே இருந்தேன்.

மார்ச் 29

இன்றைக்கு ஒன்று செய்தேன்.

காலை ஷிப்ட் மாறும்போது ராத்திரி ஆட்களும் பகல் ஆட்களும் வாசலில் இருப்பார்கள். பட்டறைக்காரரும் இருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். வாங்கவில்லை, அதனால் நானே சத்தமாகச் சொன்னேன்.

"என்ற சளியப் பாத்துட்டாங்க, நெஞ்சப் படம் புடிச்சுட்டாங்க. ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்குது. நீங்க ஒதுக்கி வெச்சது என்னைய. எரிச்சது நாடாவ. இருமறவன் உங்க நடுவுல நிக்கறான். ரத்தமாத் துப்பறான், போயிச் செவுத்தப் பாருங்க."

அங்கமுத்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் மாதேசன் பக்கத்தில் நிற்காமல் பட்டறைக்காரர் பக்கம் போய் நின்றார். உடனே மற்றவர்களும் நகர்ந்தார்கள். பதினொன்றாம் தேதி என்னிடமிருந்து நகர்ந்த மாதிரியே. நடுவில் அவன் மட்டும் நின்றான், சோற்றுத் தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு.

"இவன் சீட்டுக் கொண்டார்ற வரைக்கும் இவன் தொட்டத நான் தொட மாட்டேன். நீங்க யாரும் தொடாதீங்க" என்றேன்.

தொட்டால் வராது என்று எனக்குத் தெரியும். மேடம் அவ்வளவு விளக்கிச் சொன்னார். ஆனால் அவர்களுக்குப் புரிகிறது அது ஒன்றுதான்.

"டேய், ஆஸ்பத்திரிக்குப் போயிச் சீட்டு வாங்கியாந்து தறியில ஏறு. அதுவரைக்கும் வராத" என்றார் பட்டறைக்காரர்.

மாதேசன் என்னைப் பார்த்தான். "அண்ணன் இருந்திருந்தா உங்கள இப்புடிப் பேச வுட்டிருக்குமா?" என்று கேட்டான்.

"இருந்திருந்தா" என்றேன். சீட்டை மடித்துக்கொண்டு தறிக்குப் போனேன்.

இன்றைக்கு நிறைய ஓட்டினேன். நூல் ஒரு தடவைகூட அறவில்லை.

மார்ச் 30

ஞாயிறு. கோகிலா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி என்னைத் திட்டினாள். புருஷனைத் தின்றது போதாதா என்றாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முழுவதும் புடைத்தேன்.

ஏப்ரல் 4

மெகர் மேடம் வண்டி இன்றைக்கு அடுத்த வீட்டு வாசலிலேயே நின்றது. நோயாளி விஷயத்தை அடுத்தவரிடம் சொல்லக் கூடாதாம், அதனால் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கையில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இவருக்குக் கொடுத்த அதே அட்டை. இவர் அதில் ஒரு வரிசைகூட முடிக்கவில்லை.

"குழந்தை?" என்று மட்டும் கேட்டேன்.

"நோய் இல்ல. வராம இருக்க மருந்து ஆரம்பிச்சிருக்கேன். இது உங்களுக்கு நான் சொல்லலை" என்றார்.

போகும்போது அந்த வீட்டு ஜன்னலில் இருந்த துணியை எல்லாம் அவரே பிடுங்கி எறிந்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 8

பொதுக்குழாயில் கோகிலா குடத்தை மற்றவர்கள் தள்ளி வைத்தார்கள். எல்லாரும் பிடித்த பிறகு அவள் பிடிக்க வேண்டுமாம். கடைசியில் தண்ணீர் நின்றுவிட்டது. போன மாதம் எனக்குச் செய்தார்கள், நான் முதலில் போய்ப் பிடிக்கப் பழகிக்கொண்டேன்.

இரண்டு குடம் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தேன். கதவைத் திறந்து பார்த்தாள். தூக்கிச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, குடத்தை மட்டும் என் வாசலில் கவிழ்த்து வைத்தாள். கழுவித்தான் வைத்திருந்தாள்.

ஏப்ரல் 9

திரும்பவும் வைத்தேன். ஊற்றிவிட்டாள்.

ஏப்ரல் 12

இன்றைக்கு ஊற்றவில்லை.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. எனக்கு எதுவும் கிடையாது. பருப்பு வைத்தேன்.

ஏப்ரல் 26

ரத்தம் துப்பின சுவரைப் பட்டறைக்காரர் வெள்ளையடித்துவிட்டார். ஆனால் பயம் போகவில்லை. வேன் வர வேண்டாம், ஆள் தெரியாமல் போய் வருகிறோம் என்று மேடத்திடம் அவரே கேட்டு, வேனுக்குப் பதில் ஆட்டோவில் கொஞ்சம் கொஞ்சம் பேராக எல்லாரையும் அனுப்பிவைத்தார். இன்னொருவருக்கும் இருக்கிறதாம். யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கமுத்து இப்போதெல்லாம் வேடிக்கை பேசுவதில்லை. பேசாமல் மாத்திரை போட்டால் சரி.

மே 10

வெயில் தாங்கவில்லை. வேர்வையில் நூல் கையில் ஒட்டுகிறது என்று ஜன்னல் அட்டைகளைக் கழற்றிவிட்டார்கள். டிபிக்காக இல்லை, வெயிலுக்காகத்தான். மேடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார். இந்த வருஷம் மழை தள்ளி வரட்டும்.

மே 21

என் மாத்திரை முடிந்தது. டப்பாவைக் குப்பையில் போட்டேன். சர்க்கரை குறைந்துவிட்டதா அக்கா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறவள் பேசுவதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது யாழி பாட்டுப் பாடுகிற சத்தம்தான் கேட்கிறது.

ஜூன் 9

மாதேசன் இன்று பட்டறைக்கு வந்தான். முகத்தில் சதை வைத்திருக்கிறது. திரும்பப் பார்த்ததில் சளியில் கிருமி இல்லை, வேலைக்குப் போகலாம், மாத்திரையை மட்டும் விடாமல் முடிக்க வேண்டும் என்று எழுதிய சீட்டு கொண்டுவந்தான். பட்டறைக்காரர் இந்த முறை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு எல்லாரையும் பார்த்து, இவனோடு யார் ஜோடி என்றார்.

சீட்டில்தான் எழுதியிருக்கிறதே என்று ஒருவராவது சொல்வார் என்று பார்த்தேன். தொடாதீங்க என்று அவர்களுக்குச் சொன்னது நான். அதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என்ற தறியில போடுங்க" என்றேன்.

"இந்தப் பொம்பளகூட நான் ஓட்ட மாட்டேன்" என்றான் மாதேசன்.

"அப்ப வேற பட்டறை பாத்துக்க" என்றார் பட்டறைக்காரர். வேறு பட்டறை எது அவனைச் சேர்க்கும் என்று அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மாதேசன், ராத்திரி ஷிப்ட் தானே என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

சாயங்காலம் ஷிப்ட் மாற வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூலைத்தறியைச் சுற்றிப் பார்த்தான், பின்கதவை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்தான். நானும் பை, தூக்குப்போசி எல்லாம் எடுத்துக்கொண்டேன். போகிற போக்கில், பாவு வலது ஓரத்தில் லூசாக வருகிறது, முன்னால் பழைய தறியில் அண்ணனும் நீயும் ஓட்டும்போது வருமே அந்த மாதிரி, பார்த்துக்கொள் என்றேன்.

பாவைக் கையால் தடவிப் பார்த்தான்.

"தெரியுதுங் அண்ணி. அதுல பழுது ரண்டு எடத்துல இருக்குது. நீங்க போங்க, நான் இறுக்கிக்கறேன். காத்தால வரும்போது சரியா இருக்கும்" என்றான்.

இத்தனை சொல் சேர்ந்தாற்போல இருமாமல் அவன் பேசிக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. நான் வாசல் வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தேன்.